சுவர் நோட்டீஸில தொடங்குங்கோ: பிரசார உத்திகள் பற்றிக் கேள்வி பதில்

சாவகச்சேரியில் தமிழ் படிப்பிப்பவர்: ரீச்சர், பத்தாம் ஆண்டுப் பிள்ளையளுக்குப் பிரசார உத்தியளை எங்க தொடங்கலாம்?

பேர்ப் பட்டியலில தொடங்காதேங்கோ. 1937இல நியூயோர்க்கில தொடங்கின பிரசாரப் பகுப்பாய்வு நிறுவனம் ஏழு உத்தியளுக்குப் பேர் வைச்சது. நல்ல பட்டியல்தான், ஆனா பெடியள் பாடமாக்கிப்போட்டு மறந்திடுவினம். நான் ஒரு ரியூசன் நோட்டீஸைக் கரும்பலகையில ஒட்டுவன். "எங்களிடம் படித்த 32 பேருக்கு 9ஏ", அதாவது ஓ.எல். சோதனையில ஒன்பது பாடத்திலயும் ஏ. கீழ வரிசையாப் படங்கள். "மொத்தம் எத்தினை பேர் படிச்சவை?" எண்டு மட்டும் கேட்பன். ஒருக்கா பின்வாங்குப் பெடியன் ஒருத்தன் எழும்பி, "ரீச்சர், இந்தப் பிள்ளையின்ர படம் மற்ற ரியூசன் நோட்டீஸிலயும் இருக்கு" எண்டான். பிறகு நான் என்னத்தைப் படிப்பிக்க! சாதகமான சீட்டை மட்டும் அடுக்கிக் காட்டுற உத்தி அது.

மானிப்பாயிலிருந்து ஒரு தாய்: கண்டுபிடிக்கப் பழக்கினால் காணாதோ? பிரசாரம் செய்யவும் பழக்கினால் பிள்ளை ஏமாத்துக்காரனாகாதோ?

பயம் நியாயம்தான். நான் "பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டு வரலாம்", "வரக்கூடாது" எண்டு ரெண்டு நோட்டீஸையும் ஒரே பிள்ளையை எழுத வைப்பன். ஒவ்வொண்டின்ர பின்பக்கத்திலயும் "நான் மறைச்சது" எண்டு தலைப்புப் போட்டு மூண்டு வரி எழுத வேணும். கூடப் புள்ளி பின்பக்கத்துக்குத்தான்.

ஏ.எல். மாணவி, வட்டுக்கோட்டை: எங்கட ஊர் வரலாற்றில உதாரணம் இருக்கோ?

ஆறுமுக நாவலரை எடுங்கோ, பிள்ளை. மிஷன் பள்ளிக்கூடத்தில படிச்சு, பேர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பில உதவினவர். பிரசங்கம், அச்சு, பள்ளிக்கூடம் எண்டு மிஷனரிமாரின்ர கருவியளையே எடுத்து, 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில சைவப் பிரசங்கம் தொடங்கினார். 1854இல வந்த 'சைவதூஷண பரிகார'த்தில சைவத்தைப் பழிச்ச மிஷனரிமாருக்குப் பைபிளை வைச்சே மறுமொழி சொன்னார். எதிராளி ஏற்கிற நூலிலயிருந்தே ஆதாரம் எடுக்கிறது பலமான வாதம், அதில ஏமாத்தும் இல்லை.

கோப்பாய் ஆசிரியர்: அரசியலைத் தொடலாமோ?

நடக்கிற தேர்தலை விடுங்கோ. 1956 இருக்கே: 24 மணித்தியாலத்தில சிங்களம் மட்டும் அரசகரும மொழி எண்டு பண்டாரநாயக்க தேர்தலில குடுத்த வாக்குறுதி. சட்டம் எப்பிடி வேலை செய்யும் எண்டு கனபேர் கேக்கேல்லை, 24 மட்டும் மனதில நிண்டுது. ஆனா சிங்களப் பக்கத்தின்ரயை மட்டும் காட்டினால் நாங்களும் சீட்டடுக்கிறம். எங்கட பக்கத்தில 'துரோகி' எண்டு பட்டம் கட்டினதையும் எடுக்க வேணும். அதுக்கு முதல் அதிபரிட்டச் சொல்லிப்போடுங்கோ. நான் சொல்லாமத் தொடங்கி, அடுத்தநாள் காலமை ஒரு தகப்பன் கேற்றடியில வந்து நிண்டவர்.