நைட்ரேட் எங்கே போகிறது?

அன்புள்ள ஐயா,

தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டை மின்சாரத்தால் நீக்கிவிடலாம் என்று சென்ற மாதக் கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர் வெங்காயம் போடுகிற ஊர், வயலுக்கு உரம் நிறைய போகும். வீட்டு போர் தண்ணீரைச் சோதித்ததில் லிட்டருக்கு 110 மில்லிகிராம் நைட்ரேட் என்று வந்திருக்கிறது. இந்தியாவில் வரம்பு 45தானாம். அம்மா அதையே காய்ச்சி ஆறவைத்துத் தருகிறார். நான் முதுகலை வேதியியல் படிக்கிறேன். இந்த மாற்றத்தை வேகப்படுத்தும் பொருள்களான வினையூக்கிகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடினால் 90 சதவீதம், 95 சதவீதம் என்றே இருக்கிறது. அப்புறம் ஏன் ஒரு கருவிகூட எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை? வினையூக்கியை ‘வடிவமைப்பது’ என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்? இந்தத் துறையில் ஆய்வுக்குப் போகலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டியது. காய்ச்சினால் நைட்ரேட் போகாது. நீர்தான் ஆவியாகும், நைட்ரேட் பாத்திரத்திலேயே நிற்கும். கணக்குப் பார்த்தால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடியிருக்கும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பால் மாவு கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் காம்லி என்ற மருத்துவர், நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரில் கரைத்த பாலைக் குடித்த குழந்தைகள் நீலம் பாய்ந்ததைப் பற்றி எழுதினார். அன்றிலிருந்து இந்த எச்சரிக்கை இருக்கிறது. இப்போதைக்குக் குடிக்க ஆர்.ஓ. தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள்.

‘நீக்கலாம்’ என்று நான் எழுதியது அவசரத்தில் விழுந்த சொல். மின்வாய், அதாவது நீரில் மூழ்கி மின்சாரத்தைச் செலுத்தும், பரப்பில் வினையூக்கி உள்ள தகடு, நைட்ரேட்டை நீக்குவதில்லை, வேறொன்றாக மாற்றுகிறது. எதுவாக மாற்றுகிறது என்பதுதான் கேள்வி. அதிலுள்ள நைட்ரஜன் அணு 5 எலக்ட்ரான் வாங்கினால் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றோடு போய்விடும். 8 வாங்கினால் அம்மோனியா. இரண்டே வாங்கிக்கொண்டு வழியில் நின்றுவிட்டால் நைட்ரைட். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைட்ரேட்டுக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம், நைட்ரைட்டுக்கு வெறும் 3. அரைகுறையாக வேலை செய்யும் வினையூக்கி, வேலையே செய்யாத ஒன்றைவிட ஆபத்து. அம்மோனியா வந்தாலும் சிக்கல்தான். உங்கள் வீட்டு 110 மில்லிகிராமும் முழுசாக அம்மோனியாவானால் 30 மில்லிகிராம் வரும். இந்தியக் குடிநீர்த் தரம் விடுவது அரை மில்லிகிராம்.

ஆகவே 95 சதவீதம் என்று படித்தால், எதில் 95 என்று பாருங்கள். பெரும்பாலும் அது, செலுத்திய மின்சாரத்தில் எவ்வளவு பங்கு அம்மோனியா உண்டாக்கப் போனது என்ற கணக்கு. தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்பதை அந்த எண் சொல்லாது.

வடிவமைப்பு என்றால் என்ன என்று கேட்டீர்கள். தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லில் மாவு பிடிக்கவே பிடிக்காவிட்டால் கரண்டியோடு சுருண்டு வரும். ரொம்பப் பிடித்தால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். வினையூக்கியின் பரப்பும் அப்படித்தான். நைட்ரேட் வந்து ஒட்ட வேண்டும், விளைபொருள் விட்டுப் போக வேண்டும். ஓர் உலோகப் பரப்பில் ஆக்சிஜன் அணுவும் நைட்ரஜன் அணுவும் எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்ற இரண்டு எண்களைக் கணினியில் கண்டுபிடித்தாலே, அது எப்படி நடந்துகொள்ளும் என்று ஓரளவு முன்கூட்டிச் சொல்லலாம். பிறகு இன்னொரு உலோகத்தைக் கலந்தோ, படிகத்தின் வேறொரு முகத்தை வெளிக்காட்டியோ, அணுக்களுக்கிடையே உள்ள தூரத்தைக் கொஞ்சம் இழுத்தோ நெருக்கியோ அந்த ஒட்டுதலை மாற்றிப் பார்ப்பார்கள். போட்டியாளர் ஒருவர் எப்போதும் உண்டு. நீரிலிருந்து பிறக்கும் ஹைட்ரஜன் அதே பரப்பில் உட்கார்ந்து, ஜோடி சேர்ந்து வாயுவாகக் குமிழியிட்டுப் போய்விடும். அதற்குச் செலவான மின்சாரம் தண்டம்.

முதல் படிக்குச் செம்பு கெட்டிக்காரி. நைட்ரேட் பொதுவாக உலோகத்தில் ஒட்டச் சோம்பல்படும். செம்பின் டி-எலக்ட்ரான்களின் ஆற்றல் நைட்ரேட்டின் காலி ஆர்பிட்டாலுக்கு (எலக்ட்ரான் வந்து உட்காரும் இடம்) பக்கத்தில் இருப்பதால் எலக்ட்ரான் எளிதில் கைமாறும். ஆனால் செம்பு பலநேரம் நைட்ரைட்டை உண்டாக்கிவிட்டு அதோடு விட்டுவிடும். நைட்ரைட்டை நைட்ரஜன் வாயுவாக்குவதில் பல்லேடியம் என்ற உலோகம் நல்லது, முதல் படியில் மந்தம். இரண்டையும் சேர்த்தால்? 1989இல் ஜெர்மனியில் ஃபோர்லோப், டாக்கே என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதைச் செய்தார்கள். அவர்கள் மின்சாரத்தைப் பயன்படுத்தவில்லை, ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினார்கள். இன்று மின்வாய்களில் நடக்கும் செம்பு–பல்லேடியம் வேலையில் பெரும்பகுதி அந்த யோசனையின் வழித்தோன்றல். பல்லேடியம் எவ்வளவு விலை கூடியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது எல்லோரும் பேசுவது தனி அணு வினையூக்கி. கரித்தளத்தில் இரும்பு அணுக்களை ஒன்றுக்கொன்று எட்டாமல் பதித்துவைப்பது. அழகான வேதியியல், மறுக்கவில்லை. ஆனால் நைட்ரஜன் வாயு உண்டாக இரண்டு நைட்ரஜன் அணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். தனித்தனித் திண்ணையில் ஒவ்வொருவராக உட்காரவைத்தால் ஜோடி எப்படிச் சேரும்? அதனால் அது அம்மோனியா பக்கம்தான் போகும். உரத்துக்கு அம்மோனியா வேண்டுமென்றால் சரி. உங்கள் வீட்டுக் குடத்துக்கு இல்லை.

கருவி ஏன் வரவில்லை என்பதற்கு இன்னொரு காரணம், அந்தக் கட்டுரைகளில் இருக்கும் ‘தண்ணீர்’. செய்முறைப் பகுதியைப் படியுங்கள். 0.1 மோலார் பொட்டாசியம் நைட்ரேட் என்றிருக்கும். லிட்டருக்கு 6,200 மில்லிகிராம் நைட்ரேட், உங்கள் போர் தண்ணீரைப் போல 56 மடங்கு. அதோடு 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கை பட்டால் தோல் வெந்துபோகும். அதில் மின்சாரம் ஓட்டமாக ஓடும். போர் தண்ணீரில் மின்கடத்தும் திறன் குறைவு, பாதி மின்சாரம் நீரைச் சூடாக்கவே போய்விடலாம். நைட்ரேட் குறைவாக இருப்பதால் ஹைட்ரஜன் முந்திக்கொள்ளும். மேலும், எதிர்மின்வாயை ஒட்டிய நீர் காரமாவதால் கால்சியமும் மெக்னீசியமும் அங்கே படியும். வாட்டர் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுமே, அதே கதை. அதைக் கழற்ற மின்வாய்களின் துருவத்தை மாற்றி ஓட்டுவது வழக்கம். ஆனால் செம்பை நேர்மின்வாயாக்கினால் செம்பே கரைய ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் பாடுபட்டுச் செய்த பரப்பு தண்ணீரோடு போகும்.

அப்படியானால் உதவாதா என்றால், உதவும் இடம் வேறு என்பேன். ஆர்.ஓ. ஆலை வெளியே தள்ளும் கழிவுநீரையும், நைட்ரேட்டைப் பிடித்துவைக்கும் அயனி மாற்றிப் பிசினை உப்புநீரால் கழுவும்போது வரும் நீரையும் பாருங்கள். நைட்ரேட் செறிவாக இருக்கிறது, உப்பு இருப்பதால் மின்சாரமும் தடையில்லாமல் போகிறது. உப்பிலுள்ள குளோரைடு நேர்மின்வாயில் ஹைப்போகுளோரைட்டாகி, எதிர்மின்வாயில் பிறந்த அம்மோனியாவை நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். அங்கே எதிர்மின்வாய் வினையூக்கி அம்மோனியாவோடு நின்றால்கூடப் பாதகமில்லை, மிச்சத்தை எதிரிலிருப்பவர் முடித்துவைப்பார். குடிநீரில் நேரடியாக இதைச் செய்ய எனக்குத் தைரியம் வராது. குளோரமின், குளோரேட் என்று குடிநீரில் வேண்டாத வேறு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். இன்று அந்தக் கழிவுநீர் பல ஊர்களில் பக்கத்து வாய்க்காலில் விடப்பட்டுத் திரும்ப நிலத்துக்குள்தான் இறங்குகிறது என்பதால், எனக்கு அதுதான் முதலில் கைவைக்க வேண்டிய இடமாகப் படுகிறது.

ஆய்வுக்குப் போகலாம், தாராளமாக. சேரும் ஆய்வகத்தில் நைட்ரேட், நைட்ரைட், அம்மோனியா மூன்றையும் ஒன்றாக அளக்கிறார்களா, நைட்ரஜன்-15 ஐசோடோப்பு (எடை சற்றுக் கூடிய நைட்ரஜன்) வைத்து, வந்த அம்மோனியா நைட்ரேட்டிலிருந்துதான் வந்தது என்று உறுதி செய்கிறார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அப்புறம் உங்கள் போர் தண்ணீரில் ஒரு கேன் எடுத்துப்போய் அவர்களுடைய சிறந்த மின்வாயை அதில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் தண்ணீர்ச் சோதனை அறிக்கையில் கடினத்தன்மையும் (கால்சியம், மெக்னீசியம் அளவு) குளோரைடும் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். அந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.