பிடிபட்டது நாலு பேர், பயந்தது ஊர் முழுக்க
(வாசகர் கேள்வி - பதில்)

2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானத்தில் 104 இந்தியர்களைக் கைவிலங்கு, கால் சங்கிலியோடு கொண்டுவந்து அமிர்தசரஸில் இறக்கிவிட்டார்களே, அதைப் பற்றிச் சில வரிகள் முன்பு எழுதியிருந்தேன். அதற்குக் குமரி மாவட்டத்திலிருந்து மட்டும் கட்டுக்கட்டாகக் கடிதங்கள். எந்தத் தெருவில் போய்க் கேட்டாலும் "மகன் கல்ஃபுல இருக்கான்" என்று ஒரு வீடாவது சொல்லும் மாவட்டம் இது, கடிதம் வராமல் எப்படி இருக்கும். இந்த முறை அந்தக் கேள்விகளுக்கு மட்டும்.

சட்டத்தை மீறி ஒரு நாட்டில் இருப்பவனைப் பிடித்து அனுப்புவதில் என்ன தப்பு? நம் வீட்டில் ஒருவன் சொல்லாமல் நுழைந்தால் சும்மா இருப்போமா?
- ஒரு வாசகர், தக்கலை

சும்மா இருக்க மாட்டோம், சரி. ஆனால் அவன் வந்த வழி தப்பாகவே இருக்கட்டும், வந்த பிறகு என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று பார்க்க வேண்டாமா? அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் போஸ்ட்வில் என்று ஒரு சின்ன ஊர், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஊருக்கே சோறு போட்டது ஒரு இறைச்சி ஆலை. 2008 மே 12 அன்று குடியேற்ற அதிகாரிகள் ஹெலிகாப்டர் சகிதம் வந்து அங்கே வேலை செய்த 389 பேரைப் பிடித்தார்கள், பெரும்பாலும் குவாத்தமாலாக்காரர்கள். வாட்டர்லூ என்ற ஊரில் கால்நடைக் கண்காட்சி நடக்கும் மைதானத்தைத் தற்காலிக நீதிமன்றமாக மாற்றி, பத்துப் பத்துப் பேராக நிறுத்தி விசாரித்து, பலருக்கு ஐந்து மாதச் சிறை, அப்புறம் நாடு கடத்தல். அந்த வருஷம் நவம்பரிலேயே ஆலை திவால். ஆலையை நம்பியிருந்த கடைக்காரர், வீட்டை வாடகைக்கு விட்டவர் எல்லாரும் சட்டப்படி அந்த நாட்டுக்காரர்கள்தான், அவர்கள் பிழைப்பும் சேர்ந்து போனது.

இதைவிட என்னை உலுக்கியது வேறு ஒன்று. சோதனைக்குப் பிறகு அயோவா மாநிலம் முழுக்க லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளின் எடையை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். முந்தைய வருஷத்தின் அதே மாதங்களோடு ஒப்பிட்டால், எடை குறைந்து பிறக்கும் ஆபத்து 24 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவிலேயே பிறந்த, எந்தப் பிரச்சினையும் இல்லாத குடிமக்களான தாய்மாருக்கும் அப்படித்தான். பிடிக்க வந்தவர்கள் அந்தப் பெண்களின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. வயிற்றில் இருந்த பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது பயம் மட்டும்தான்.

2019 ஆகஸ்டு 7 அன்று மிசிசிப்பியில் கோழி ஆலைகளில் ஒரே நாளில் சுமார் 680 பேரைப் பிடித்தபோது அங்கே சில பிள்ளைகளுக்கு அதுதான் பள்ளி திறந்த முதல் நாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டிக் கிடக்கிறது. 2011-ல் அலபாமாவில் புதுச் சட்டம் வந்து, பள்ளியில் சேரும் பிள்ளையின் குடியுரிமையை விசாரிக்கச் சொன்னதும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே நாளில் பள்ளிக்கு வரவில்லை. அந்தப் பிரிவை நீதிமன்றம் பிறகு தடுத்தது. அதற்குள் பல குடும்பங்கள் ராவோடு ராவாக மாநிலத்தை விட்டே போய்விட்டன.

இதெல்லாம் அமெரிக்கக் கதை. கல்ஃபில் நம் ஆட்கள் பட்டதைச் சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், குளச்சல்

சொல்கிறேன். எங்கள் மாமா மகன் ஒருவன் ரியாத்தில் இருந்தான். ஊரில் "ஃப்ரீ விசா" என்று சொல்லித்தான் ஏஜென்ட் காசு வாங்கினார். ஒரு கபில் (விசாவுக்குப் பொறுப்பேற்கும் அந்த நாட்டு முதலாளி) பெயரில் விசா எடுத்து, வேலையை வேறு இடத்தில் பார்த்துக்கொள்வது, வருஷா வருஷம் கபிலுக்கு ஒரு தொகை. சட்டப்படி அது செல்லாது என்பது போய் இறங்கிய பிறகுதான் அவனுக்குத் தெரியும். ஒரு வருஷம் கபில் கூடுதலாகக் கேட்டார், இவன் தரவில்லை, அவர் போய் "ஹூரூப்" என்று, அதாவது வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரே நாளில் இவன் சட்டவிரோதி. செய்த வேலையும் தங்கிய அறையும் அதேதான், மாறியது கம்ப்யூட்டரில் ஒரு பதிவு மட்டும்.

2011-ல் சவுதி நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்தது. எந்த நிறுவனத்தில் எத்தனை சவுதிக்காரர் இருக்கவேண்டும் என்று பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் பிரித்தார்கள். 2013-ல் சொந்தக் கபிலிடம் வேலை செய்யாதவர்களைத் தேடிச் சோதனை தொடங்கியதும் ஆட்கள் வேலைக்கு வராமல் அறைக்குள் அடைந்துகொண்டார்கள், கடைகளும் பள்ளிகளும் மூடப்பட்டன. நாடு ஸ்தம்பித்ததைப் பார்த்து மன்னர் அப்துல்லாவே ஏப்ரலில் மூன்று மாத அவகாசம் கொடுத்தார். பிறகு அது நவம்பர் 3 வரை நீண்டது, மறுநாளே வேட்டை. அந்த அவகாசத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் திரும்பினார்கள்.

மாமா மகனை அழைத்துவரத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். பதினோரு வருஷம் கழித்து வருகிறான், கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் இரண்டு சட்டை, ஒரு டப்பா டாங், அப்புறம் அவுட்பாஸ், அதாவது ஊர் திரும்பத் தரும் தற்காலிகக் காகிதம். மடித்து மடித்து வைத்து மடிப்பிலேயே கிழிந்திருந்தது. அதை மட்டும் அவன் யார் கையிலும் கொடுக்கவில்லை. வண்டியில் ஏறியதும் மைனி எதுவும் கேட்கவில்லை, தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினார். வீடு அப்போது லிண்டல் மட்டத்தில் நின்றது. மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பி துருப்பிடித்து, மழை பெய்தால் சுவரில் சிவப்பாக வடியும். அந்த வீட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாருக்கும் சிமென்ட் கொடுத்த கடைக்காரருக்கும் பாக்கி. நகை அடகில். ரியாத்தில் நடந்த சோதனைக்கு இங்கே ஒரு கொத்தனார் வீட்டில் அடுப்பு எரியாமல் போகும் என்பதை எந்த அரசாங்கக் கணக்கு எழுதப்போகிறது?

அந்தக் கபிலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

வெளியாட்களை அனுப்பினால் உள்ளூர்க்காரனுக்கு வேலையும் நல்ல கூலியும் கிடைக்கும் அல்லவா? எங்கள் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்கே வெளியூர்க்காரன்தான் வருகிறான்.
- ரப்பர் விவசாயி, குலசேகரம்

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்து பார்த்த இடங்களில் அப்படி நடக்கவில்லை. மெக்சிகோவிலிருந்து விவசாய வேலைக்கு ஆள் எடுக்கும் பிராசெரோ திட்டத்தை அமெரிக்கா 1964 கடைசியில் நிறுத்தியது, உள்ளூர்க் கூலி ஏறும் என்று சொல்லித்தான். பல வருஷம் கழித்துப் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தால் கூலி ஏறவே இல்லை. பண்ணைக்காரர்கள் தக்காளி பறிக்க மெஷின் வாங்கினார்கள், மெஷின் சரிப்படாத பயிரைக் குறைத்துக்கொண்டார்கள்.

2011-ல் ஜார்ஜியா மாநிலம் கடுமையான சட்டம் போட்டதும் வேலையாட்கள் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள், பறிக்க ஆளில்லாமல் விளைச்சல் வயலிலேயே அழுகியது. நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே இருந்த குற்றவாளிகளை வெள்ளரிக்காய் பறிக்க அனுப்பிப் பார்த்தார்கள், பலர் சில மணி நேரத்திலேயே முடியாது என்று போய்விட்டார்கள். பால்வெட்டும் அப்படித்தானே? விடிவதற்கு முன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, பட்டையை எவ்வளவு ஆழம் வெட்டினால் பால் வரும், எவ்வளவு வெட்டினால் மரம் கெடும் என்று கை அறிந்திருக்கவேண்டும். நேற்று வரை வேறு வேலை பார்த்தவனைக் கத்தியோடு தோட்டத்தில் விட்டால் மரம்தான் போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வேலைக்காரனைப் பயமுறுத்தி வைத்தால் அவனைக் குறைந்த கூலிக்கு வைத்திருப்பது முதலாளிக்கு ரொம்பச் சுலபம். "அதிகம் பேசினா போன் பண்ணிருவேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். அவன் கூலி இறங்கினால் பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரன் கூலியும் ஏறாது.

காகிதம் இல்லாதவர்கள் வரி கட்டுவதில்லை, சலுகையை மட்டும் அனுபவிக்கிறார்கள் என்கிறார்களே?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

தப்பான தகவல். 2022-ல் அப்படிப்பட்டவர்கள் அமெரிக்காவில் கட்டிய வரி 9,670 கோடி டாலர் என்று அங்குள்ள வரிக் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்று கணக்கிட்டிருக்கிறது. முதுமைக் காலப் பாதுகாப்பு நிதிக்கும் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள், அந்தப் பணம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்காது.

மலேசியாவில் கொரோனா சமயத்தில் நம் ஆட்களைப் பிடித்தார்களாமே?
- ஒரு வாசகர், இரணியல்

ஆமாம், 2020 மே 1. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம், ஊரடங்கில் கம்பி வேலிக்குள் அடைபட்டிருந்த கட்டடங்களில் புகுந்து நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தார்கள். பரிசோதனைக்கு வந்தால் பிடிக்க மாட்டோம் என்று அதற்கு முன்பு அரசே சொல்லியிருந்தது! அதே மாதம் புக்கிட் ஜாலில் தடுப்பு முகாமில் கொரோனா பரவியது. தொற்று உள்ளவன் ஆஸ்பத்திரிக்கு வரப் பயந்தால் அவனை ஒரு நாளும் பார்த்திராத மலேசியக்காரருக்கும்தான் ஆபத்து.

நம் மாவட்டத்தில் வடமாநிலத்தவர் கூட்டம் பெருகிவிட்டது. இவர்களையும் கடுமையாகச் சோதிக்க வேண்டாமா?
- ஒரு வியாபாரி, திங்கள்சந்தை

முதலில் ஒன்று, அவர்கள் இந்தியக் குடிமக்கள். இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போய் வேலை செய்ய உங்களுக்கும் எனக்கும் இருக்கும் அதே உரிமை அவர்களுக்கும். தங்குகிறவர்களின் பெயர், முகவரியைப் பதிவு செய்வது வேறு விஷயம், அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

2023 மார்ச் ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி ரயில் ரயிலாகக் கிளம்பினார்கள். நடக்காத ஒன்றுக்கே அந்தப் பயம். திருப்பூர் முதலாளிகள் போகாதீர்கள் என்று கெஞ்சாத குறை. 2025 ஜூலையில் குருகிராமில் வங்காளதேசத்தவரைத் தேடுகிறோம் என்று வங்காளம் பேசும் ஆட்களைப் பிடித்துக் கூடங்களில் அடைத்தார்கள். அதில் பலரிடம் இந்திய அடையாள அட்டை இருந்தது. மிச்சம் இருந்தவர்கள் பயந்து ஊருக்குப் போனதும் பெரிய பெரிய அடுக்குமாடி வாசலில் குப்பை அள்ள ஆளில்லை. பேசுகிற மொழியை வைத்து ஒருவனைச் சந்தேகப்பட்டால் நாளைக்கு மும்பையில் தமிழ் பேசும் நம் பையன் கதி என்ன?

'கள்ளத்தோணி' என்ற சொல் எப்படி வந்தது? கீரிப்பாறையில் எங்கள் பாட்டி அதைக் கேட்டாலே கோபப்படுவார்.
- ஒரு மாணவி, நாகர்கோவில்

கோபம் வரத்தான் செய்யும். நம் கடற்கரையிலிருந்து காகிதம் இல்லாமல் தோணியில் இலங்கைக்குப் போனவர்களைச் சொன்ன சொல் அது. ஆனால் வசைச்சொல்லாக அது விழுந்தது நாலு தலைமுறையாக அங்கேயே பிறந்து தேயிலை பறித்தவர்கள் மேல். 1948 குடியுரிமைச் சட்டம் அந்த லட்சக்கணக்கானவர்களை ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தார்கள். பார்த்தே இராத நாட்டுக்குத் "தாயகம் திரும்பியோர்" என்று பெயர் வைத்து அனுப்பினார்கள். அப்படி வந்தவர்களில் கொஞ்சம் பேருக்கு நம் அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கிடைத்தது. உங்கள் பாட்டி அந்த வழியில் வந்தவராக இருந்தால், தயவுசெய்து உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.

அப்படியானால் எல்லையே வேண்டாமா?
- கல்லூரி மாணவர், கன்னியாகுமரி

வேண்டும். கேள்வி, எப்படிக் காப்பது என்பதுதான். 1986-ல் ரேகன் காலத்தில் அமெரிக்கா சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ அனுமதி கொடுத்தது, நாடு ஒன்றும் கவிழவில்லை. 2024-ல் அமீரகம் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பொதுமன்னிப்பு கொடுத்தது, அபராதம் இல்லாமல் காகிதத்தைச் சரி செய்யலாம் அல்லது ஊருக்குப் போகலாம். ஏமாற்றும் ஏஜென்டையும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கும் முதலாளியையும் பிடிக்கட்டும், ஆஸ்பத்திரி வாசலிலும் பள்ளி வாசலிலும் பிடிக்காமல் இருக்கட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

மகன் தம்மாமில் ஒரு கம்பெனியில் வேலை. இக்காமா (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) முடிந்து நாலு மாதம், கபில் புதுப்பிக்கவில்லை. வெளியே போனால் பிடிப்பார்கள் என்று அறைக்கும் வேலைக்கும் மட்டும் போய் வருகிறான். எனக்குத் தூக்கமே இல்லை.
- ஒரு தாய், கருங்கல்

அம்மா, இது உங்கள் மகன் செய்த தப்பு இல்லை. இக்காமா கட்டணத்தைக் கட்டவேண்டியது முதலாளி என்று சவுதி தொழிலாளர் சட்டமே சொல்கிறது. 2021 மார்ச்சிலிருந்து அங்கே இன்னொரு விதியும் இருக்கிறது, இக்காமா காலாவதியானால் கபில் சம்மதம் இல்லாமலே தொழிலாளி வேறு முதலாளியிடம் மாறலாம். வீட்டு டிரைவர், வீட்டு வேலைக்காரர் அந்த விதியில் வரமாட்டார்கள், உங்கள் மகன் கம்பெனி விசா என்பதால் வழி இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஓடி ஒளிய மட்டும் வேண்டாம், ஹூரூப் போட அதுவே சாக்காகிவிடும். ரியாத்தில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு அவன் எழுதட்டும். நீங்கள் இங்கிருந்து வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்தில் ஒரு புகாரும், சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறைக்கு ஒரு மனுவும் கொடுங்கள். இன்றைக்கு ராத்திரி அவன் கூப்பிடும்போது பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், இக்காமா, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவன் போனைப் பிடுங்கிக்கொண்டாலும் அது உங்களிடம் இருக்கும்.