கேமரா போதாத இடத்தில் என்ன செய்வது? – கேள்வி பதில்

சிவதாபுரம், கொலுசுப் பட்டறை: ஐயா, நாலு மூலையிலும் கேமரா வைத்தும் சேதாரம் குறையவில்லை. பெரிய கம்பெனிகளில் ‘நிறுவனக் கலாச்சாரம்’ என்று ஒன்றை வைத்தே ஆட்களை ஒழுங்காக நடத்துகிறார்களாம். பட்டறைக்கு அது சரிப்படுமா?

சேதாரத்துக்குச் சரிப்படாது. வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, எடை போட்டு வாங்க முடியும். அதற்குத் தராசும் கணக்கும் போதும்.

வில்லியம் ஔச்சி என்ற மேலாண்மை ஆய்வாளர் 1979இல் கட்டுப்பாட்டுக்கு மூன்று வழி சொன்னார்: சந்தை, விதிமுறை, குழுவுக்குள் ஊறிய பழக்கம். நீங்கள் கேட்கும் கலாச்சாரம் இந்த மூன்றாவதுதான். விளைவையும் அளக்க முடியாது, வேலை நடக்கும்போதும் சரிபார்க்க முடியாது என்ற இடத்தில்தான் மூன்றாவதற்கு வேலை. பற்றவைப்பு சரியாகப் பிடித்ததா என்பது, வாங்கியவர் கொலுசைப் போட்டுச் சில மாதம் நடந்த பிறகுதானே தெரிகிறது? அங்கே கேமரா உதவாது. புதிதாக வரும் பையனை யார் பக்கத்தில் உட்கார வைக்கிறீர்கள் என்று பாருங்கள், பாதி அதிலேயே முடிவாகிவிடும். மீதி உங்கள் கையில். அவசர ஆர்டர் என்று சுமாரான ஜோடியை ‘போகட்டும் விடு’ என்று நீங்கள் அனுப்பினால், அன்றைக்கே பட்டறை மொத்தமும் அதைக் கற்றுக்கொள்ளும்.

ஏற்காடு, காபித் தோட்டம்: பழுத்ததை மட்டும் பறியுங்கள் என்றால் தலையாட்டுகிறார்கள். மூட்டையில் பச்சைக் காய்தான் வருகிறது.

கூலி கிலோவுக்குத்தானே? அப்புறம் எப்படிப் பழம் வரும்! எட்கர் ஷைன் என்ற ஆய்வாளர் நிறுவனக் கலாச்சாரத்தை மூன்று அடுக்காகப் பிரித்தார்: கண்ணில் படுவது, வாயால் சொல்வது, யாரும் கேள்வி கேட்காமல் நம்புவது. உங்கள் தோட்டத்தில் எல்லாரும் நம்புவது ‘எடைதான் காசு’. பழத்துக்குத் தனி விலை வைத்து, எடை போடும் இடத்திலேயே பிரித்துப் பாருங்கள். எல்லாப் பழமும் ஒரே சமயத்தில் பழுக்காது. கடைசிச் சுற்றில் பறிப்பவருக்குக் கூலி கட்டுப்படியாகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அம்மாப்பேட்டை, தறிக்கூடம்: வேகமாக ஓட்டும் ஒருவரை மற்றவர்கள் கிண்டல் செய்தே மெதுவாக்கிவிட்டார்கள்.

1931-32இல் அமெரிக்காவின் ஹாதார்ன் ஆலையில் 14 பேரைக் கவனித்தபோதும் இதையே பார்த்தார்கள். தங்களுக்குள் வைத்திருந்த அளவுக்கு மேல் செய்தவரை மற்றவர்கள் தோளில் குத்தினார்களாம்! அதுவும் கலாச்சாரம்தான், முதலாளி உருவாக்காதது. உற்பத்தி கூடினால் ரேட்டைக் குறைப்பீர்களோ என்ற பயம் உங்கள் ஆட்களுக்கு இருக்கிறதா? இருந்தால், ரேட்டைக் குறைக்க மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள். கிண்டல் செய்பவரைத் திட்டி ஒன்றும் ஆகாது.

சுவரில் ‘நேர்மை, தரம்’ என்று போர்டு மாட்டலாமா?

மாட்டலாம். பெயிண்டருக்கு வருமானம்.

சூரமங்கலம், தொழிற்சாலை ஊழியர்: ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று சொல்லியே தினமும் கூடுதலாக இரண்டு மணி நேரம் நிறுத்திவைக்கிறார்கள், அண்ணா. மறுத்தால் ‘டீம் ஸ்பிரிட் இல்லை’ என்கிறார்கள்.

கலாச்சாரத்தின் மோசமான பக்கம் இது. விதி போட்டால் எதிர்த்துப் பேசலாம், பாசத்தைக் காட்டிக் கேட்டால் மறுப்பவருக்கே கூச்சம் வந்துவிடும். தொழிற்சாலையில் கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்பது சட்டம். எந்த நாள் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று இன்றே எழுதி வைக்கத் தொடங்குங்கள். தனியாகப் போகாமல் நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.