குழந்தைக்குப் பேதியா? பாக்கெட் கலப்பதிலிருந்து தொக்கம் வரை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கைக்குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

எட்டு மாதப் பையன். நேற்றிலிருந்து பத்து தடவைக்கு மேல் தண்ணீராகவே போகிறான். டாக்டர் ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் மட்டும் எழுதித் தந்தார். நிற்க மருந்தே தரவில்லை. வேறு டாக்டரிடம் போகலாமா?

போக வேண்டாம், அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இந்த வயதில் வரும் தண்ணீர்ப் பேதி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக்கால் ஒரு பயனும் இல்லை. பெரியவர்கள் பஸ் ஏறுவதற்கு முன்னால் போட்டுக்கொள்ளும் லோப்பரமைடு மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், குடலின் அசைவே நின்று வயிறு உப்பி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும். பேதி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கும். அதுவரை போகிற தண்ணீரையும் உப்பையும் வாய் வழியாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் வைத்தியம்.

ஓ.ஆர்.எஸ். சாதாரணம் என்று நினைக்கிறீர்கள் இல்லையா? 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் அகதிகள் முகாமில் காலரா பரவி, சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே மோந்து கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கியது.

ஜிங்க் மாத்திரை ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை 10 மி.கி. ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ காய்ச்சி ஆறவைத்த தண்ணீரிலோ போட்டால் கரைந்துவிடும். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுங்கள். முக்கால்வாசிப் பேர் இதைத்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருக்கிறது. குழந்தை அவ்வளவு குடிக்காதே, கால் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கினால் என்ன?

தப்பு. தூளுக்குள் உப்பும் குளுக்கோஸும் சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, உங்கள் "கால்" கையளவில் எவ்வளவு என்பதும் யாருக்கும் தெரியாது. உப்பு கூடிப்போனால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகும். 20 கிராம் சொச்சம் இருக்கும் பெரிய பாக்கெட் முழுசாக 1 லிட்டருக்கு, 4 கிராம் சொச்சம் இருக்கும் சின்ன பாக்கெட் 200 மி.லி.க்கு. வீட்டில் அளவுப் பாத்திரம் இல்லையென்றால் காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நன்றாகக் கழுவி, அதில் அளந்து கொள்ளுங்கள். கலந்தபின் கொதிக்கவைக்கக் கூடாது, சர்க்கரை, பால், ஜூஸ் எதுவும் சேர்க்கக் கூடாது. 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், பாக்கெட் விலை பெரிய விலை இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் இலவசமாகவே தருவார்கள்.

இன்னொன்று. கடையில் ஆரஞ்சு, ஆப்பிள் சுவையில் அட்டை டப்பாவில் ஓ.ஆர்.எஸ். மாதிரி விற்பது வேறு சாமான். அதில் சர்க்கரை பல மடங்கு, உப்பு போதாது, பேதி கூடத்தான் செய்யும். இந்தக் குழப்பத்தால்தான் 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளே வரக்கூடாது என்று உத்தரவு போட்டது. மருந்துக்கடையில் தூள் பாக்கெட்டாகக் கேளுங்கள், உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கொடுத்தவுடன் வாந்தி எடுத்துவிடுகிறாள். உள்ளே தங்கவே மாட்டேன் என்கிறது.

தாகத்தில் தவிக்கிற குழந்தைக்குப் பாட்டிலைக் காட்டினால் ஒரே மூச்சில் இழுத்துவிட்டு அப்படியே திருப்பிக் கக்கும். பாட்டிலை ஓரமாக வையுங்கள். வாந்திக்குப் பின் பத்து நிமிஷம் பொறுத்து, டீஸ்பூனிலோ பாலாடையிலோ இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு வாய். ராத்திரி ரெண்டு மணிக்கு இப்படி உட்கார்ந்து ஊட்டுவது எவ்வளவு அலுப்பு என்று தெரியும், வீட்டில் இருக்கும் அப்பாவையும் எழுப்புங்கள். ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போனபிறகும் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர் வரை உள்ளே போனால் போதும், இது ரெண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான கணக்கு. வாந்தியை நிறுத்தும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

பால் கொடுத்தால் பேதி கூடும், வயிற்றைக் காயப்போடு என்கிறார் மாமியார்.

அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, இன்னும் அடிக்கடி கொடுக்க வேண்டும். பவுடர் பால் குடிக்கிற குழந்தைக்கும் வழக்கமான அளவிலேயே கலக்குங்கள், நீர்க்க வேண்டாம். சாப்பிட ஆரம்பித்த குழந்தை என்றால் குழைந்த சோறும் பருப்பும், தயிர் சாதம், இட்லி, மசித்த வாழைப்பழம் எல்லாம் தரலாம், ஒரு சொட்டு எண்ணெயோ நெய்யோ சேர்த்தாலும் தப்பில்லை. வெறும் ஜவ்வரிசிக் கஞ்சியிலேயே நாலு நாள் ஓட்டினால் எடைதான் குறையும். குணமானபின் ரெண்டு வாரத்துக்கு தினம் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள்.

தொக்கம் விழுந்திருக்கிறது, அதாவது சாப்பிட்டது ஏதோ வயிற்றில் சிக்கியிருக்கிறது, எடுக்க வேண்டும் என்கிறார்களே?

தொக்கம் எடுப்பவர் கையில் காட்டுகிற துண்டு உங்கள் குழந்தை வயிற்றிலிருந்து வந்ததே இல்லை. அவர் வயிற்றை அழுத்துவதும், குடலேற்றம் என்று காலைப் பிடித்துத் தலைகீழாக உலுக்குவதும் உண்மையிலேயே ஆபத்து. வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய் உரசிக் கொடுக்கும் உரை மருந்தும் இந்த நேரத்தில் வேண்டாம். வசம்பு கூடினால் அதுவே வாந்தி வரவைக்கும், உரசுகிற கல் எவ்வளவு சுத்தம் என்பது இன்னொரு கேள்வி.

பல் முளைப்பதால் வருகிற பேதிதானே?

பல் பேதி தராது. ஈறு நமநமவென்று இருப்பதால் கண்டதை எடுத்து வாயில் வைக்கும், கிருமி அப்படித்தான் போகிறது.

எப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்?

எத்தனை தடவை போனான் என்று எண்ணுவதைவிட, மூத்திரம் போனானா என்று பாருங்கள். இப்போதைய டயப்பர் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுவதால் இது தெரியாமலே போய்விடுகிறது. இந்த ரெண்டு மூன்று நாளைக்குத் துணியே கட்டுங்கள், இல்லை டயப்பருக்குள் முன்பக்கம் கொஞ்சம் பஞ்சு வையுங்கள், நனைந்தால் தெரியும். ஆறு மணி நேரமாக நனையவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, உச்சிக்குழி பள்ளமாகத் தெரிகிறது, அழுதால் கண்ணீர் இல்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிகிறது, துவண்டு தூங்கிக்கொண்டே இருக்கிறது, குடிக்க மறுக்கிறது என்றால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். தனியாக இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், வழியெல்லாம் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போங்கள், மயக்கமாக இருந்தால் மட்டும் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, வலிப்பு, வயிறு உப்பல், இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் உடனே காட்டுங்கள். கொஞ்ச நேரம் காலை மடக்கி வீறிட்டு அழுது, பிறகு அடங்கி, மறுபடியும் அதே மாதிரி அழுதால் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கலாம். அதற்குக் காத்திருக்கவே கூடாது.

ரோட்டா சொட்டு மூன்றும் போட்டாச்சு, அப்புறமும் ஏன் வந்தது?

பேதிக்கு ரோட்டா ஒன்றுதான் காரணம் என்றில்லை, வேறு வைரஸ்கள், பாக்டீரியாக்கள் எத்தனையோ. ரோட்டாவே வந்தாலும் சொட்டு போட்ட குழந்தைக்கு ஆஸ்பத்திரி வரை முற்றுவது குறைவு. அடுத்த குழந்தைக்கும் 6, 10, 14 வாரங்களில் போட்டுவிடுங்கள்.

பின்பக்கம் வெந்து சிவந்துபோய்விட்டது.

வைப்ஸை நிறுத்திவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, ஜிங்க் ஆக்ஸைடு களிம்பைத் தாராளமாகப் பூசுங்கள். பவுடர் வேண்டாம். துணி மாற்றியபின் சோப்புப் போட்டே கை கழுவுங்கள், சானிடைசர் இந்த வைரஸ்களில் சிலவற்றுக்குப் போதாது.