ஒரே எடத்துல ரெண்டு தடவை போனா அது கேஸ்கெட் தப்பு இல்ல தம்பி

கேள்வி: காசிமேட்டுலேர்ந்து ஐஸும் மீனும் ஏத்தற டாடா 407 மினி லாரி வெச்சிருக்கேன், பழைய 497 டர்போ எஞ்சின், செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. எட்டு மாசத்துல ரெண்டு தடவை ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் அத மேல மூடற ஹெட்டுக்கும் நடுவுல வெக்கற சீல் தகடு) போயிடுச்சு. கடைல சாதா கேஸ்கெட் ஒண்ணு, ஸ்டீல் லேயர் கேஸ்கெட் ஒண்ணு காட்றாங்க. மெக்கானிக் காப்பர் போடு ஆயுசுக்கும் போவாதுன்றாரு, லேத்துக்காரர் ஹெட்டு ஃபேசிங் (இழைச்சு மட்டமாக்கறது) பண்ணியிருக்கு அதனால திக்கா போடுன்றாரு. எதண்ணே வாங்கறது?

தம்பி, நீங்க அனுப்பின போட்டோவ பெருசாக்கி பெருசாக்கிப் பாத்தேன். பழசு ரெண்டையும் தூக்கிப் போடாம வெச்சிருந்தீங்க பாருங்க, அதுவே பாதி வேலை. ரெண்டு கேஸ்கெட்டும் ஒரே எடத்துல போயிருக்கு, ரெண்டாம் சிலிண்டருக்கும் மூணாம் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கற ஒல்லிப் பட்டையில, அங்க மட்டும் கரி புடிச்சு ஃபயர் ரிங்கு (கேஸ்கெட்டுல சிலிண்டர் ஓட்டைய சுத்தி இருக்கற வளையம்) வாயப் பொளந்து கெடக்கு, மத்த எடமெல்லாம் புதுசு கணக்கா இருக்குது. மட்டமான கேஸ்கெட்டா இருந்தா ஒரு தடவை இங்க ஒரு தடவை அங்கன்னு போவும். சொல்லி வெச்ச மாதிரி ஒரே எடத்துல போனா அந்த எடத்துல ஹெட்டோ பிளாக்கோ பள்ளமா இருக்குது, இல்ல லைனர் (சிலிண்டருக்குள்ள போட்ட குழாய்) கீழ உக்காந்திருக்குது. தங்கத்துல செஞ்சு போட்டாலும் மூணாவதும் அங்கயேதான் போவும். அதனால கடைக்கு அப்பறமா போய்க்கலாம், மொதல்ல அளவு எடுங்க.

டர்போ இருக்கற வண்டிக்கு ஏன் இவ்ளோ பேஜார்னா, கணக்குப் போட்டுப் பாருங்க. 497னா 4 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரோட உள் விட்டம்), பேர்லயே எழுதியிருக்கு. அந்த வட்டத்தோட பரப்பு சுமாரா 74 சதுர சென்டி. உள்ள டீசல் எரியும்போது 100 பார் பிரஷர்னு வெச்சா கூட ஹெட்ட மேல தள்ற பலம் ஏழரை டன். ஆமா, ஏழரைதான், ஒவ்வொரு சிலிண்டருக்கும். டர்போ காத்த அழுத்தி உள்ள அனுப்ப அனுப்ப இது ஏறிக்கிட்டே போவும். உங்களுக்கு முன்னாடி வெச்சிருந்தவர் டீசல் பம்ப கடைல குடுத்து டீசல் அதிகமா போற மாதிரி ஏத்தி வெச்சிருந்தாருன்னா சொல்லவே வேணாம், மேடு ஏறும்போது கரும்புகை தள்ளுதான்னு பாருங்க, தள்ளுச்சுன்னா பம்ப காலிபரேஷனுக்கு குடுத்து கம்பெனி அளவுக்கு கொண்டாந்துடுங்க.

இப்ப அளவு. ஹெட்ட கழட்டினதும் ஒரு நல்ல ஸ்ட்ரெயிட் எட்ஜ் எடுத்து நீளவாக்குல, குறுக்க, கோணவாக்குல வெச்சு அடியில ஃபீலர் கேஜ் (அளவு போட்ட மெல்லிசு பிளேடுங்க) விடுங்க. இத ஹெட்டுக்கும் பண்ணணும் பிளாக்குக்கும் பண்ணணும், நம்மாளுங்க ஹெட்ட மட்டும் லேத்துக்கு தூக்கிட்டுப் போயி பளபளன்னு ஆக்கிடுவாங்க, பிளாக்க எவனும் திரும்பிக்கூட பாக்க மாட்டான். உங்க கேஸ்லயும் அதான் நடந்திருக்கும்னு என் சந்தேகம், ஏன்னா ஃபேசிங் பண்ண அப்பாலயும் அதே எடத்துல போயிருக்கு. 0.05 மில்லி பிளேடு தாராளமா நுழைஞ்சாலே ரெண்டு தடவை யோசிக்கணும், 0.10 நுழைஞ்சா யோசனையே வேணாம், மெஷினிங்தான். மேனுவல்ல வேற அளவு போட்டிருந்தா அதான் சட்டம். லைனரோட காலர் பிளாக்குக்கு மேல எவ்ளோ நீட்டிக்கிட்டு இருக்குதுன்னு டயல் கேஜ் (முள்ளுல நுணுக்கமா அளவு காட்டற கருவி) வெச்சு நாலுலயும் பாருங்க. ரெண்டாவதோ மூணாவதோ எறங்கி இருந்துச்சுன்னா ஃபயர் ரிங்க கடிச்சுப் புடிக்க அங்க ஆளே இல்லன்னு அர்த்தம்.

அடுத்தது பிஸ்டன் நீட்டல். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிளாக்குக்கு மேல எவ்ளோ எட்டிப் பாக்குதுங்கறதுதான் கேஸ்கெட்டோட தடிமன முடிவு பண்றது, லேத்துக்காரர் இல்ல. மேக்னட் ஸ்டாண்டுல டயல் கேஜ மாட்டி, கட்ஜன் பின் (பிஸ்டன கனெக்டிங் ராடோட கோத்திருக்கற பின்) ஓடற கோட்டுக்கு நேர் மேல வெச்சுப் பாக்கணும், வேற பக்கம் வெச்சா பிஸ்டன் லேசா சாஞ்சு தப்பா காட்டும். நாலு பிஸ்டனையும் பாத்து, பெரும்பாலான மேனுவல்ல சொல்ற மாதிரி, எது அதிகமா நீட்டுதோ அத எடுத்துக்கோங்க. எவ்ளோ நுணுக்கம்னு புரிய ஃபோக்ஸ்வேகனோட பழைய 1.9 டிடிஐ எஞ்சின பாருங்க. பிஸ்டன் 0.91லேர்ந்து 1.00 மில்லி நீட்டினா ஓரத்துல அடையாளத்துக்கு ஒரு ஓட்டை போட்ட கேஸ்கெட், அது 1.45 மில்லி. 1.10 வரைக்கும்னா ரெண்டு ஓட்டை, 1.53. 1.20 வரைக்கும்னா மூணு ஓட்டை, 1.61. எதப் போட்டாலும் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல அரை மில்லிக்கு பக்கமா நிக்கற மாதிரி கட்டி வெச்சிருக்கான். ஒரு சைசுக்கும் அடுத்த சைசுக்கும் வித்தியாசம் 0.08 மில்லி, ஜெராக்ஸ் பேப்பர் கூட அத விட தடி. இது அந்த எஞ்சினோட கணக்கு, உங்களுதுக்கு எடுத்துக்காதீங்க. உங்க எஞ்சினுக்கு எத்தன சைசு வருது, ஓரத்துல ஓட்டையா வெட்டானு பார்ட் நம்பர் சொல்லி கேளுங்க.

ஹெட்டு ஃபேசிங் பண்ணா திக் கேஸ்கெட்னு எல்லாரும் மந்திரம் மாதிரி சொல்றாங்க. அடி மட்டமா இருக்கற ஹெட்டுன்னா அதுல இழைச்சதால கம்ப்ரஷன் பெருசா ஏறாது, வால்வு தான் பிஸ்டனுக்கு கிட்ட வரும், அதனால வால்வு எவ்ளோ உள்ள அமுங்கி இருக்குன்னு பாத்து, பத்தலன்னா வால்வு சீட்ட வெட்டி எறக்கணும். பிளாக்க இழைச்சாத்தான் பிஸ்டன் கூட நீட்டும், அப்பதான் திக். சும்மா திக் போட்டா கம்ப்ரஷன் கொறையும். நானே தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு வேனுக்கு அளவு எடுக்காம திக் போட்டேன், மார்கழி காலைல ஸ்டார்ட்டே ஆவாது, ஒரு வாரம் அந்த அண்ணன் கூட நானும் தெருவுல தள்ளினேன், வெள்ளைப் புகையில தெருவே போகிப் பண்டிகை.

இப்ப எதுன்னு கேட்டீங்கல்ல, வரேன். போட்டோல உங்க ஹெட்டு ஓரம் பிரவுனா துரு புடிச்சிருக்கு, அப்ப வார்ப்பிரும்பு, பிளாக்கும் அதே. ரெண்டும் ஒரே மாதிரி சூட்டுல விரியும். ஹெட்டு அலுமினியம்னா ஒண்ணு அதிகமா விரிஞ்சு இழுக்கும், அங்க ஸ்டீல் லேயர் கேஸ்கெட் நல்லா தாங்கும், அதிக பிரஷருக்கும் அதான் கெட்டி, ஆனா அது ரொம்ப மானஸ்தன், மேல்பரப்பு கண்ணாடி கணக்கா இருந்தாத்தான் ஒட்டும். நகத்த வெச்சு இழுங்க, கோடு கோடா தட்டுப்பட்டா அது ஸ்டீல் லேயருக்கு ஆவாது. சாதா கேஸ்கெட் கொஞ்சம் சொரசொரப்ப மன்னிச்சு உட்டுடும். அதனால என் தீர்ப்பு: பம்பு கம்பெனி செட்டிங்ல இருந்து, மெஷினிங் நம்ம ஏரியா லேத்துன்னா, எஞ்சின் கம்பெனி குடுத்த அதே வகை, ஃபயர் ரிங் வெச்ச நல்ல பிராண்டு சாதா கேஸ்கெட், அளவுக்கேத்த தடிமன். ஹெட்டு, பிளாக்கு ரெண்டையும் நல்ல சர்ஃபேஸ் மெஷின்ல போட்டு எடுக்க முடியும்னா மட்டும் ஸ்டீல் லேயர்.

காப்பரு ரேஸ் வண்டிக்கு. பிளாக்குல காடி வெட்டி கம்பி வளையம் வெக்கணும், தண்ணி ஓட்டைக்கெல்லாம் தனியா சீலிங், போடறதுக்கு முன்னாடி சூடாக்கி பதம் எடுக்கணும். மீன் வண்டிக்கு எதுக்கு இந்த வம்பு?

போல்ட்டு ஓட்டையில தண்ணியோ ஆயிலோ நின்னா ஏர் அடிச்சு காய வைங்க, அடி மூடின ஓட்டைன்னா இறுக்கும்போது பிளாக்கே வெடிக்கும். மேனுவல்ல புதுசு மாத்தச் சொன்ன போல்ட்ட மாத்திடுங்க. நடுவுலேர்ந்து வெளிய, படிப்படியா, இறுக்கற அளவக் காட்டற டார்க் ரெஞ்சுலதான், கை மதிப்புக்கு இல்ல. ஷெல்லாக் பசை தடவாதீங்க, தடவி ஒட்டற கேஸ்கெட் இல்ல அது.

கடைசியா தண்ணி. நம்ம திருவொத்தியூர் காசிமேடு பக்கம் போர்வெல் தண்ணியா வர்றது பாதி கடல், அத ரேடியேட்டர்ல ஊத்தினா உள்ள உப்பு படிஞ்சு, அரிச்சு, நடு சிலிண்டர் பக்கம் தண்ணி ஓட்டமே நின்னுடும். அதுதான் அந்த 2-3 நடுவ வறுத்திருக்கும். டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் ஊத்துங்க, முந்தினவர் தெர்மோஸ்டாட்ட கழட்டி எறிஞ்சிருந்தா புதுசு மாட்டுங்க. மாட்டின மொத நாள் லோடு இல்லாம எண்ணூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, முழுசா ஆறின அப்பால மூடியத் தொறந்து மட்டம் பாருங்க. ரெண்டு விரக்கடை எறங்கியிருந்தா உள்ள இருந்த காத்து வெளிய போயிருக்கும், நிரப்பிக்கோங்க. ரெண்டாம் நாளும் எறங்கி, ஸ்டார்ட் பண்ணதும் குமிழி குமிழியா வந்துச்சுன்னா லோடு ஏத்தாதீங்க, அளவு எடுத்த சீட்டோட மறுபடி எழுதுங்க.