பாட்டி கையில் இரண்டு தழும்பு

கேள்வி: என் பாட்டிக்கு 74 வயது. கையில் காசு அளவில் இரண்டு வட்டத் தழும்புகள் இருக்கின்றன. "அம்மை குத்தினது" என்கிறார். எனக்கும் இடது தோளில் ஒன்று உண்டு. இரண்டும் ஒரே ஊசிதானா? (வாசகி, பாலக்கோடு)

பதில்: இல்லையம்மா. உங்களுடையது பி.சி.ஜி., காசநோய்க்குப் போடுவது. பாட்டியுடையது பெரியம்மைக்கு. பாட்டி சிறுமியாக இருந்தபோது பல் வைத்த சின்ன வட்டத் தகட்டைத் தோலில் அழுத்தித் திருகுவார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் போடுவதும் உண்டு. புண்ணாகி, பொருக்கு உதிர்ந்து, தழும்பு நின்றுவிடும். ஊருக்குள் ஆள் வந்தாலே பிள்ளைகள் சோளக்காட்டுக்குள் ஓடியதில் தப்பே இல்லை!

நான் சுகாதாரத் துறையில் சேர்ந்தபோது கவர் முனை ஊசி, அதாவது நுனி இரண்டாகப் பிளந்த ஊசி, வந்துவிட்டது. நுனியில் ஒரு சொட்டு மருந்து தங்கும். 15 குத்து, வேலை முடிந்தது. பழைய திரவ மருந்து வெயிலில் வீணாகிவிடும். உறைய வைத்து உலர்த்திய மருந்துப் பொடி வந்த பிறகுதான் அரூர், சித்தேரி மலைப் பக்கமெல்லாம் நம்பி எடுத்துப் போக முடிந்தது.

ஆனால் எல்லோருக்கும் குத்தியதால் மட்டும் நோய் ஒழியவில்லை. நோயாளியைத் தேடிப் பிடித்து, சுற்றியிருப்பவர்களுக்கு உடனே குத்தியதுதான் கடைசியில் வென்றது. எங்களுக்குத் துப்பு கொடுத்தது வேப்பிலை. ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாசலில் செருகுவார்களே, அதுதான். அந்த வீட்டில் போய் ஊசியைப் பற்றி வாதாடினால் கதவைச் சாத்திவிடுவார்கள். வாசலிலேயே நின்று, கையிலிருந்த படத்தைக் காட்டி, "இப்படியா இருக்கு?" என்று கேட்பதுதான் முறை. பெரும்பாலும் சின்னம்மையாக இருக்கும். அதில் கொப்புளம் மார்பிலும் முதுகிலும் அதிகம். ஒன்று புதிதாக இருக்கும், இன்னொன்று காய்ந்திருக்கும். பெரியம்மையிலோ முகத்திலும் கைகால்களிலும் அதிகம், எல்லாம் ஒரே பருவத்தில் நிற்கும்.

1974-ல் பீகாரில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் அசாமில் இந்தியாவின் கடைசி நோயாளி. 1980-ல் உலகிலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதற்குள் இங்கே குழந்தைகளுக்குக் குத்துவதை நிறுத்தியாயிற்று. அதனால்தான் உங்கள் அம்மாவுக்கே அந்தத் தழும்பு இல்லாமல் இருக்கலாம்.

அப்புறம் ஒன்று: பி.சி.ஜி. போட்டும் சில குழந்தைகளுக்குத் தழும்பு விழாது. அதற்காக மறுபடி போடத் தேவையில்லை.