நூலகர் வேலையும் வரலாற்றுப் படிப்பும்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: என் மகள் பி.ஏ. வரலாறு கடைசி ஆண்டு படிக்கிறாள். கல்லூரி நூலகர் ஆக வேண்டும், வரலாற்றையும் விட மாட்டேன் என்கிறாள். இரண்டும் நடக்குமா? (வாசகர், மண்டபம்)

பதில்: நடக்கும். வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில் ஓராண்டு பி.லிப். (நூலக அறிவியல் இளநிலை), அடுத்த ஆண்டு எம்.லிப். (அதன் முதுகலை). இரண்டையும் சேர்த்து இரண்டாண்டுப் படிப்பாக நடத்தும் பல்கலைக்கழகங்களும் உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் காரைக்குடி அழகப்பாவிலும் மதுரை காமராசரிலும் விசாரியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி கல்லூரி நூலகர் பணிக்கு நூலக அறிவியல் முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி. வரலாற்றுப் பாடத்தில் நெட் எழுதித் தேறிவிட்டு நூலகர் பணிக்கு விண்ணப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அது செல்லாது. நெட் தேர்வில் வரலாற்றின் பாட எண் 06, நூலக அறிவியலுக்கு 59.

எம்.ஏ. வரலாற்றைப் பிறகு தொலைநிலைக் கல்வியில் முடிக்கலாம். ஆனால் பழைய கையெழுத்து வாசிக்க இன்றே பழகட்டும். ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரமும் ஏகாரமும் ஒரே கொம்பு. துணைக்காலும் ரகரமும் ஒரே உரு. சூழலை வைத்துத்தான் சொல்லைப் பிரிக்க முடியும். இந்தப் பயிற்சி உள்ள நூலகர்கள் குறைவு, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் அரபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளும் பழைய கணக்குப் புத்தகங்களும் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. கல்லூரி நூலகத்துக்குக் கொடுக்கலாமா? எப்படிக் கொடுப்பது? (வாசகி, கீழக்கரை)

பதில்: கொடுங்கள், ஆனால் பிரித்து அடுக்கிக் கொடுக்காதீர்கள். பெட்டிக்குள் எது எதன்மேல் இருந்ததோ அந்த வரிசையே ஒரு சான்று. எதையும் எடுப்பதற்கு முன் மேலிருந்து படம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எண் எழுதி உள்ளே செருகுங்கள். பேனா மை ஈரத்தில் பரவும். யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் அப்படியே எழுதி வையுங்கள். இந்தத் தகவல் பிரதியிலேயே இருக்காது, அவர்கள் காலத்துக்குப் பின் கிடைக்கவும் செய்யாது.

நூலகம் பதிவு செய்யும்போது நீங்களும் ஒருமுறை பாருங்கள். இந்தப் பிரதிகளின் மொழி தமிழ், எழுத்து அரபி. இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். மொழி என்ற இடத்தில் ‘அரபி’ என்று மட்டும் போட்டுவிட்டால், தமிழ் ஆய்வாளர் எத்தனை முறை தேடினாலும் அது அவர் கண்ணில் படாது. பக்கங்கள் வலமிருந்து இடமாகப் போகும். தெரியாதவர் ஸ்கேன் செய்தால் நூல் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கும். முதல் பத்துப் பக்கத்தைச் சரிபார்த்துவிட்டு மீதியை எடுக்கச் சொல்லுங்கள்.

ஆண்டுக் கணக்கு இன்னொரு சிக்கல். ஜமீன் கணக்குகளில் பெரும்பாலும் பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) இருக்கும்: ஆங்கில ஆண்டு கிடைக்க 590 கூட்டுங்கள். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. ராமநாதபுரம் சேதுபதி மன்னர்களின் செப்பேடுகளில் உள்ள சக ஆண்டோடு 78 கூட்ட வேண்டும். கூடவே வரும், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் தமிழ் ஆண்டுப் பெயரை வைத்துச் சரிபாருங்கள். சக 1700 என்பது 1778, விளம்பி. 2018-உம் விளம்பி, இடையில் 240 ஆண்டு, நான்கு சுற்று, கணக்குச் சரி. பெயர் பொருந்தவில்லை என்றால் எண்ணைத் தவறாகப் படித்திருப்போம், அல்லது எழுதியவரே பிழை செய்திருப்பார். ஹிஜ்ரிக்கு மட்டும் ஒரே எண்ணைக் கூட்ட முடியாது. அந்த ஆண்டு 354 அல்லது 355 நாள்தான். 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஏறத்தாழ வரும். தேதி துல்லியமாக வேண்டுமென்றால் அட்டவணைதான். பதிவில் மூல ஆண்டையும் மாற்றிய ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்கள் நூலகத்தில் புத்தகமெல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறது. அந்துருண்டை போட்டும் பயனில்லை. (நூலக உதவியாளர், தொண்டி)

பதில்: அந்துருண்டை பூஞ்சணத்தைத் தடுக்காது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வரும், கடலோரத்தில் உப்புத்தூசி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் இன்னும் எளிதாக வரும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி மாட்டுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், கடல்பக்கச் சுவரில் வேண்டவே வேண்டாம். மழை நாளில் ஜன்னலைத் திறப்பது கெடுதல். வெயில் காயும் நண்பகலில் திறந்து மின்விசிறி போடுங்கள். இரும்பு ஸ்டேப்ளர் பின்கள் இங்கே சீக்கிரம் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். எடுத்துவிட்டுப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். நனைந்த புத்தகத்தை வெயிலில் போடாமல், தாள்களுக்கிடையே மை ஒற்றும் தாள் வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். 48 மணி நேரம் தாண்டினால் பூஞ்சணம் தொடங்கிவிடும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் வேண்டாம். எலுமிச்சைப்புல் தைலம் ஓலைக்குத்தான்; காகிதத்தில் தடவினால் கறை நிற்கும்.

கேள்வி: நூலகராக இருந்துகொண்டே வரலாறு எழுத முடியுமா? (வாசகர், பரமக்குடி)

பதில்: முடியும். மற்றவர்கள் தேடி வரும் ஆவணம் முதலில் நூலகர் கையில்தான் படுகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களும் இதழ்களும்தான் 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. பழைய துண்டறிக்கையும் விளம்பரத் தாளும் எப்படி வரலாற்று மூலமாகின்றன என்பதை அங்கே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். உங்கள் மாவட்டத்தில் எழுதத் தொடங்க முத்துக்குளிப்பு, சங்குக் குளிப்பு, 1914 பாம்பன் பாலம், 1964 தனுஷ்கோடிப் புயல் என எத்தனையோ உண்டு. ஆனால் முதல் கட்டுரைக்கு முன்பே, உங்கள் கையில் உள்ள சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் ஒன்றைத் தயார் செய்யுங்கள்: எத்தனை ஏடு, எத்தனை வரி, எங்கே சிதைவு, முதல் வரி, கடைசி வரி. கட்டுரையின் முடிவை ஏற்காதவரும் அந்தப் பட்டியலைப் பயன்படுத்துவார்.